ஆறு மாதம் வரை தண்ணீர்கூடக் கூடாது என்கிறார்களே, யார், எங்கே சோதித்துப் பார்த்தார்கள்?

விருதுநகர்த் தாய்:

என் மகளுக்கு மூன்றரை மாதம் ஆகிறது. எங்களுடையது ஓட்டு வீடு. அக்னி நட்சத்திரம் தொடங்கியதிலிருந்து மின்விசிறிக் காற்றே அனலாக இறங்குகிறது. நேற்று மதியம் என் மாமியார் காய்ச்சி ஆற வைத்த தண்ணீரைப் பாலாடையில் ஊற்றி எடுத்து வந்து பிள்ளையின் உதட்டருகே கொண்டுபோனார். நான் கையை நீட்டித் தடுத்தேன். பாலாடை சாய்ந்து, தண்ணீர் பிள்ளையின் கழுத்து மடிப்பில் வழிந்தது. "நாக்கு வறண்டு கிடக்கிற பிள்ளைக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுக்க விடாத தாயை நான் பார்த்ததில்லை" என்றார். அதன்பிறகு இரவு வரை என்னோடு பேசவில்லை.

அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. பிரசவத்துக்குப் பிறகு நாற்பது நாள் என்னைத் தாங்கியவர். என் சங்கடம் வேறு. தடுத்துவிட்டேனே தவிர, ஏன் தடுத்தேன் என்று அவருக்குச் சொல்ல என்னிடம் ஒரு காரணமும் இல்லை. மருத்துவரிடம் கேட்டேன். "உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல் அது" என்றார். யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை. எதை வைத்துச் சொன்னார்கள் என்றுதான் கேட்டேன்.

குளிர்நாட்டுக் குழந்தைகளை வைத்துச் சோதித்துவிட்டு நம் ஊர் வெயிலுக்கும் அதையே எழுதி வைத்துவிட்டார்களா? தேன் தொட்டு வைக்காதே, குப்புறப் போடாதே, பக்கத்தில் படுக்க வைக்காதே என்று நீளும் பட்டியலில் எது உறுதியாகத் தெரிந்தது, எது உத்தேசம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். "டாக்டர் சொன்னால் கேளுங்கள்" என்ற பதில் மட்டும் வேண்டாம்.

புள்ளியியல் ஆசிரியர் (ஓய்வு):

அம்மா, நியாயமான கேள்வி. குளிர்நாடு பற்றிய சந்தேகத்தை முதலில் தீர்த்துவிடுகிறேன்.

இதை நம் நாட்டிலேயே, கோடையிலேயே சோதித்திருக்கிறார்கள். டெல்லி மருத்துவர் சச்தேவும் அவர் குழுவினரும் செய்த ஆய்வு 1991-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வெளிவந்தது. ஒரு பிரிவுக் குழந்தைகளுக்குத் தாய்ப்பால் மட்டும். இன்னொரு பிரிவுக்குத் தாய்ப்பாலோடு தண்ணீரும். உடலில் நீர் குறைந்தால் சிறுநீர் செறிவாகும். அந்தச் செறிவைத்தான் அளந்தார்கள். தண்ணீரே குடிக்காத குழந்தைகளின் சிறுநீரும் இயல்பான அளவுக்குள்தான் இருந்தது. தண்ணீர் குடித்த குழந்தைகளோ தாய்ப்பாலைக் கொஞ்சம் குறைவாகவே குடித்தார்கள். குழந்தையின் வயிறு சின்னது. அதில் தண்ணீர் ஏறினால் பால் இறங்காது.

காரணமும் எளிமையானதுதான். தாய்ப்பாலில் நூற்றுக்கு 87 பங்கு தண்ணீர். உப்பும் புரதமும் மிகக் குறைவு என்பதால் கழிவை வெளியேற்றச் சிறுநீரகத்துக்கு அதிக நீர் தேவைப்படுவதில்லை. வெயிலில் பிள்ளை அடிக்கடி மார்பு தேடும். அந்தத் தேடல்தான் அதன் தாகம்.

இனி இந்த ஆய்வின் எல்லையையும் சொல்ல வேண்டும். சிறிய ஆய்வு, நூறு குழந்தைகள்கூடக் கிடையாது. சேர்க்கப்பட்டவர்கள் எல்லோரும் ஆரோக்கியமாக, நன்றாகப் பால் குடிக்கும் குழந்தைகள். ஆகவே "கேட்கும்போதெல்லாம் பால் கிடைக்கும் ஆரோக்கியமான பிள்ளைக்கு, கோடையிலும் தண்ணீர் தேவையில்லை" என்பதுதான் அது நிரூபித்த செய்தி. மருத்துவமனைச் சுவரில் எழுதும்போது முன்பாதியை விட்டுவிட்டுப் பின்பாதியை மட்டும் எழுதிவிட்டார்கள். எனக்குள்ள குறை அதுதான்.

இரவுப்பணிச் செவிலியர்:

ஐயா சொன்ன அந்த முன்பாதிக்காகத்தான் எழுதுகிறேன். பச்சிளம் குழந்தைகள் பிரிவில் பத்தொன்பது ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன்.

கோடையில் பிறந்து நான்கைந்து நாள் ஆன குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவார்கள். முதல் பிரசவம், பால் இன்னும் சரியாக இறங்கியிருக்காது, பிள்ளை வாயை முழுதாகத் திறந்து பிடித்திருக்காது. "தாய்ப்பால் மட்டும்தான் கொடுத்தோம் சிஸ்டர், வேறு எதுவுமே கொடுக்கவில்லை" என்பார்கள், தேர்வில் சரியான விடை எழுதிய பிள்ளையைப் போல. எடை பார்த்தால் பிறந்த எடையில் பத்தில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்திருக்கும். இரத்தத்தில் சோடியம் ஏறியிருக்கும். அப்படிப்பட்ட குழந்தைக்கு வீட்டில் தண்ணீர் கொடுப்பதும் ஆபத்து. சும்மா இருப்பதும் ஆபத்து. உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும்.

எனவே எதைக் கொடுக்கக் கூடாது என்று சொல்லும் அதே மூச்சில், பால் உள்ளே போகிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்பதையும் சொல்ல வேண்டும். என் பிரிவில் வீட்டுக்குப் போகும் ஒவ்வொரு தாயிடமும் துணியை எண்ணச் சொல்கிறேன். ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஒரு நாளில் ஆறு துணியாவது நனைய வேண்டும், சிறுநீர் வெளிறிய நிறத்தில் இருக்க வேண்டும். செங்கல் நிறத்தில் கறை படிந்தாலோ, பிள்ளை பாலுக்கு எழாமல் தூங்கிக்கொண்டே இருந்தாலோ காத்திருக்கக் கூடாது.

விருதுநகர்த் தோழிக்கு: மூன்றரை மாதப் பிள்ளை எத்தனை துணி நனைக்கிறாள் என்று நாளைக்கு மாமியாரையே எண்ணச் சொல்லுங்கள்.

பேரப்பிள்ளைகள் ஐவரின் பாட்டி:

எல்லோரும் படித்தவர்கள் பேசுகிறீர்கள். நான் ஒன்று சொல்கிறேன். உரைகல்லில் வசம்பும் ஜாதிக்காயும் மாசிக்காயும் கடுக்காயும் உரைத்து, தாய்ப்பாலில் குழைத்து நாக்கில் தடவித்தான் என் மூன்று பிள்ளைகளையும் வளர்த்தேன். பிறந்ததும் நாக்கில் இனிப்பு தொட்டுச் சேனையும் வைத்தோம், தண்ணீரும் கொடுத்தோம். மூன்று பேரும் நன்றாக இருக்கிறார்கள். அரசாங்கத்தின் பேச்சு பத்து வருஷத்துக்கு ஒருமுறை மாறுகிறது. எங்கள் கைவழக்கம் மாறவில்லை. எதை நம்புவது?

புள்ளியியல் ஆசிரியர் (ஓய்வு):

அம்மா, வணக்கம். உங்கள் கேள்வியை மதித்தே பதில் சொல்கிறேன். உயிரோடு இருப்பவர்கள்தான் "நான் நன்றாக இருக்கிறேன்" என்று சாட்சி சொல்ல முடியும். 1971-இல் இந்தியாவில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 129 பேர் முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை. 2020-இல் அது 28, தமிழ்நாட்டில் 13. அந்தக் காலத்தில் தெருவுக்குத் தெரு பிள்ளையை இழந்த வீடு இருந்தது உங்களுக்கே நினைவிருக்கும். தண்ணீரும் சேனையும்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. தடுப்பூசி, சாலை, படிப்பு, மருத்துவமனைப் பிரசவம் எல்லாம் சேர்ந்து குறைத்தது அது. ஆனால் நம் வீட்டு மூவரை மட்டும் எண்ணினால் அந்த 129 பேர் கணக்கிலேயே வரமாட்டார்கள்.

சேனையில் தேன் இருந்தால் அதைக் கட்டாயம் நிறுத்துங்கள். அதில் இருக்கக்கூடிய ஒரு நுண்ணுயிரின் வித்துகள் குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சு சுரக்கும். உடல் துவண்டு மூச்சே நின்றுபோகலாம். 1976-இல்தான் இதைத் தனி நோயாகக் கண்டறிந்தார்கள். ஒரு வயது வரை தேன் கூடாது என்பது உத்தேசமாகச் சொன்ன அறிவுரை அல்ல.

லண்டன் அப்பா:

பாட்டியம்மா சொன்னதில் ஓர் உண்மை இருக்கிறது. அதிகாரபூர்வமான அறிவுரை தவறிய கதை நான் வாழும் நாட்டிலேயே உண்டு. அதன் விலை பிள்ளைகளின் உயிர்.

குழந்தையைக் குப்புறப் படுக்க வைக்கச் சொல்லி மேற்கு நாடுகளில் மருத்துவர்களே பல ஆண்டுகள் அறிவுறுத்தினார்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் பெஞ்சமின் ஸ்பாக் எழுதி, லட்சக்கணக்கான வீடுகளில் வேதம் போல இருந்த புத்தகம் 1950-களின் பதிப்பிலிருந்து அதைத்தான் சொன்னது. மல்லாந்து படுத்தால் வாந்தி மூச்சுக்குழாயில் அடைத்துக்கொள்ளும் என்பது அவர்கள் சொன்ன காரணம். கேட்டால் நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. தொட்டிலில் காரணம் தெரியாமல் இறந்த குழந்தைகளில் குப்புறப் படுத்தவர்கள் மிக அதிகம் என்பது பிறகு தெரிய வந்தது. பிரிட்டனில் 1991-இன் இறுதியில்தான் "மல்லாக்கப் படுக்க வையுங்கள்" என்ற பிரசாரம் தொடங்கியது. சில ஆண்டுகளிலேயே அந்த மரணங்கள் பாதிக்கும் கீழே இறங்கின.

என்னைத் தூங்க விடாத தகவல் வேறு. 2005-இல் ரூத் கில்பர்ட் என்ற ஆய்வாளரின் குழுவினர் பழைய ஆய்வுகளையெல்லாம் தேதி வாரியாக அடுக்கிப் பார்த்தார்கள். குப்புறப் படுப்பதன் ஆபத்தைக் காட்டப் போதுமான தரவு 1970-லேயே இருந்திருக்கிறது. அப்போதே தொகுத்துப் பார்த்திருந்தால் பிரிட்டனில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைக் காப்பாற்றியிருக்கலாம் என்று கணக்கிட்டார்கள். இருபது ஆண்டுகள் அந்தத் தரவு தனித்தனி இதழ்களில் கிடந்திருக்கிறது!

வேர்க்கடலையும் இதே கதைதான். 1998-இல் பிரிட்டனும் 2000-இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமும், குடும்பத்தில் ஒவ்வாமை இருக்கும் குழந்தைகளுக்கு மூன்று வயது வரை வேர்க்கடலை வேண்டாம் என்றன. இஸ்ரேலில் கைக்குழந்தைகளே வேர்க்கடலையில் செய்த நொறுக்குத் தீனி தின்கிறார்கள். அங்கே வேர்க்கடலை ஒவ்வாமை அரிது. பிரிட்டனில் வாழும் யூதக் குழந்தைகளுக்கோ அது பத்து மடங்கு. கிடியன் லாக் என்ற மருத்துவர் இந்த முரணைப் பிடித்துக்கொண்டு, ஆபத்து அதிகமுள்ள 640 குழந்தைகளைச் சீட்டுக் குலுக்குவது போல இரண்டாகப் பிரித்தார். ஐந்து வயதில் பார்த்தபோது, கடலையைத் தவிர்த்தவர்களில் நூற்றுக்கு 17 பேருக்கு ஒவ்வாமை. சிறு வயதிலிருந்தே சாப்பிட்டவர்களில் 3 பேருக்கு. 2015-இல் முடிவு வந்தது. தவிர்க்கச் சொன்ன அறிவுரை தலைகீழானது. (முழுக் கடலையைக் கொடுத்துவிடாதீர்கள், தொண்டையில் அடைக்கும். மை போல அரைத்துக் கூழில் கலந்துதான். ஏற்கெனவே கரப்பான் என்ற தோல் நோய் கடுமையாக இருக்கும் பிள்ளை என்றால் மருத்துவரைக் கேட்டுவிட்டு.)

விருதுநகர்த் தாய்:

லண்டன் அண்ணா, படித்ததும் எழுந்து போய்ப் பிள்ளை மல்லாந்து தூங்குகிறாளா என்று பார்த்துவிட்டு வந்தேன். பக்கத்தில் படுக்க வைப்பது பற்றியும் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் தரையில் பாய்தான். தனித் தொட்டிலுக்கு இடமும் இல்லை. இரவில் மூன்று முறை பாலுக்கு எழுகிறாள்.

லண்டன் அப்பா:

தங்கையே, இதில் நிபுணர்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. 2013-இல் வந்த ஓர் ஆய்வு, புகை, மது எதுவும் இல்லாத தாயோடு ஒரே படுக்கையில் தூங்கினாலும் மூன்று மாதத்துக்குட்பட்ட பிள்ளை திடீரென்று இறக்கும் ஆபத்து ஐந்து மடங்கு என்றது. அடுத்த ஆண்டே ஆய்வாளர் பீட்டர் பிளேரின் குழு வேறு தரவை வைத்து, சோபா, மது, புகை ஆகியவற்றை விலக்கிவிட்டால் குறிப்பிடத்தக்க ஆபத்து தெரியவில்லை என்றது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் ஒரே படுக்கை வேண்டாம் என்றே 2022-இலும் சொல்கிறது. பிரிட்டனின் 2021 வழிகாட்டுதல், அப்படித் தூங்கும் பெற்றோரிடம் எது பாதுகாப்பு, எது ஆபத்து என்று விளக்கச் சொல்கிறது. ஒரே தரவு மேசையில் இருந்தும் இரண்டு நாடுகள் இரண்டு விதமாகப் பேசுகின்றன.

இரு தரப்பும் ஒத்துக்கொள்வது: அப்பாவோ அம்மாவோ குடித்திருந்தால், புகைப்பவராக இருந்தால், பிள்ளை குறைமாதத்தில் பிறந்திருந்தால் ஒரே படுக்கை கூடவே கூடாது. சோபாவில் பிள்ளையோடு தூங்கிவிடுவது எல்லாவற்றையும்விட மோசம். "ஐந்து மடங்கு" என்று கேட்டதும் நெஞ்சு அடைக்கும். அதே ஆய்வின்படி, அப்படித் தூங்கினாலும் இறப்பது பத்தாயிரத்துக்கு இரண்டு பேருக்குச் சற்று மேல்தான். சிறிய எண்தான். அந்த ஒரு பிள்ளையின் வீட்டுக்கு அது சிறிய எண் அல்ல. இரண்டையும் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். நாங்கள் அறை ஒன்றாகவும் படுக்கை வேறாகவும் வைத்துக்கொண்டோம். நீங்கள் பக்கத்திலேயே சின்னப் பாய் ஒன்றைத் தனியாக விரிக்கலாம். தலையணை, கனத்த போர்வை எதுவும் அருகில் வேண்டாம்.

புதிய உறுப்பினர்:

இத்தனை முறை தவறியிருக்கிறார்கள் என்றால் தடுப்பூசி விஷயத்தில் மட்டும் ஏன் நம்ப வேண்டும்? நான் என் மகனுக்கு நிறுத்திவிடலாம் என்று யோசிக்கிறேன்.

இரவுப்பணிச் செவிலியர்:

தம்பி, தயவுசெய்து நிறுத்தாதீர்கள். குப்புறப் படுக்கச் சொன்னவர்கள் சோதிக்காமல் சொன்னார்கள். தடுப்பூசி சோதித்துவிட்டு வருகிறது. வந்த பிறகும் கண்காணிக்கிறார்கள். ரோட்டா வைரஸ் வயிற்றுப்போக்குக்கு அமெரிக்காவில் முதலில் வந்த தடுப்பூசியால் அரிதாகச் சில குழந்தைகளுக்குக் குடல் செருகிக்கொண்டது தெரிந்ததும் 1999-இல் சந்தையிலிருந்தே எடுத்தார்கள். அடுத்து அங்கே வந்த இரண்டு தடுப்பூசிகளையும் தலா அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் சோதித்தார்கள். நம் நாட்டில் உருவான ரோட்டாவாக்கை டெல்லி, புனே, வேலூர் மூன்று இடங்களில் 6,799 குழந்தைகளிடம் சோதித்தார்கள். கடுமையான ரோட்டா வயிற்றுப்போக்கைப் பாதிக்குச் சற்று மேல் தடுத்தது. முழுதாகத் தடுக்கவில்லை என்பதையும் மறைக்காமல் எழுதினார்கள்.

கண் குழிந்து, தோலைக் கிள்ளினால் மடிப்பு அப்படியே நிற்கும் பிள்ளைக்கு நரம்பு தேடி ஊசி ஏற்றியிருக்கிறேன். உங்கள் மகனுக்கு எத்தனை மாதம்? எந்தத் தவணை நிலுவையில் இருக்கிறது? இங்கேயே எழுதுங்கள், சேர்ந்து பார்ப்போம்.

சேலம் வாசகி:

இவ்வளவு நாள் படிப்பதோடு நிறுத்திக்கொண்டேன். இன்று எழுதத் தோன்றுகிறது. 2004-இல் என் மூத்தவனுக்கு நான்காம் மாதம் எடை பார்த்தார்கள். அட்டையில் இருந்த கோட்டுக்குக் கீழே ஒரு புள்ளி வைத்து, "உங்கள் பால் பத்தவில்லை, டப்பாப் பால் சேருங்கள்" என்றார்கள். பிள்ளை விளையாடிக்கொண்டுதான் இருந்தான், துணி நனைந்துகொண்டுதான் இருந்தது. ஆனாலும் சேர்த்தேன். ஆறு வாரத்தில் எனக்குப் பால் வற்றிவிட்டது. இருபது வருஷமாக என் உடம்பில்தான் குறை என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

புள்ளியியல் ஆசிரியர் (ஓய்வு):

அம்மா, உங்கள் அட்டையை நான் பார்க்கவில்லை. ஆனால் அந்தக் காலத்தில் உலகம் முழுக்கப் புழங்கிய எடைக்கோடு எங்கிருந்து வந்தது என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் எல்லோ ஸ்பிரிங்ஸ் என்ற ஒரே ஊர்ப்பகுதியில், 1929 முதல் 1975 வரை அளந்த குழந்தைகளின் எடை அது. அவர்களில் பெரும்பாலோர் புட்டிப்பால் குடித்தவர்கள். தாய்ப்பால் குடிக்கும் பிள்ளை முதல் இரண்டு மூன்று மாதம் வேகமாக ஏறிவிட்டுப் பிறகு நிதானமாக ஏறும். அதன் இயல்பு அது. புட்டிப்பால் குழந்தையின் கோட்டோடு வைத்துப் பார்த்தால், சரியாக நான்காம் மாதத்தில் சறுக்குவது போலத் தோன்றும்.

இந்தப் பிழையை உணர்ந்துதான் உலக சுகாதார நிறுவனம் பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் ஏறத்தாழ 8,500 குழந்தைகளை அளந்து, தாய்ப்பால் குடிக்கும் பிள்ளையை அளவாக வைத்து 2006-இல் புதிய கோட்டை வரைந்தது. உங்கள் மகனின் புள்ளிக்கு இரண்டு ஆண்டு பிந்தி வந்தது அது. குறை கோட்டில் இருந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு அம்மா.

சேலம் வாசகி:

இதை அவனுக்குப் படித்துக் காட்டினேன். எனக்கு வேறு எழுத வரவில்லை. நன்றி ஐயா.

இரவுப்பணிச் செவிலியர்:

ஆறு மாதம் என்ற கணக்கு பற்றி யாரும் பேசவில்லையே. 2001 வரை "நான்கு முதல் ஆறு மாதம்" என்றுதான் இருந்தது. ஹோண்டுராஸில் நடந்த சோதனைகளில் நான்காம் மாதமே கூழ் கொடுத்ததால் வளர்ச்சி கூடவில்லை. பெலாரஸில் ஆயிரக்கணக்கான குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்ததில், ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் குடித்தவர்களுக்கு வயிற்றுத் தொற்று குறைவு. அதனால் ஆறு மாதம் என்று மாற்றினார்கள். ஆனால் ஹோண்டுராஸ் குழந்தைகளிடம் இரும்புச் சத்தின் இருப்பு குறைந்ததும் தெரிந்தது. நம் நாட்டில் பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தசோகை என்றது 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு. அந்தத் தாய்மாரின் பிள்ளைகள் குறைந்த இருப்போடுதான் பிறக்கிறார்கள். ஆகவே ஆறு மாதம் முடிந்த அன்றே இரும்புச் சத்துள்ள உணவையும் அரசு கொடுக்கும் சிரப்பையும் தள்ளிப் போடாதீர்கள். எடை குறைவாகப் பிறந்த பிள்ளைக்கு இன்னும் முன்பே சொட்டு மருந்து வேண்டும். பிரசவத்தின்போது தொப்புள்கொடியை ஒரு நிமிடமாவது காத்திருந்து வெட்டச் சொல்வதும் இதற்காகத்தான்; அந்த ஒரு நிமிடத்தில் இறங்கும் இரத்தம் பிள்ளைக்குப் பல மாத இரும்பு. கர்ப்பமாக இருப்பவர்கள் இப்போதே கேட்டு வையுங்கள்.

விருதுநகர்த் தாய்:

நான்கு நாள் ஆயிற்று. செவிலியர் அக்கா சொன்னபடி மாமியாரிடம் துணியை எண்ணும் பொறுப்பைக் கொடுத்தேன். முதல் நாள் ஒன்பது, மறுநாள் எட்டு. "தண்ணீரே கொடுக்காமல் இவ்வளவு எங்கிருந்து வருகிறது?" என்று அவரே கேட்டார். டெல்லி ஆய்வைச் சொன்னேன். பாலுக்குள்ளேயே நூற்றுக்கு 87 பங்கு தண்ணீர் என்றதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்படியென்றால் அந்த டாக்டர் இதை உன்னிடம் சொல்லியிருக்கலாமே" என்றார்.

தண்ணீர் கொடுப்பதைவிடப் பேத்திக்குத் தன் கையால் ஏதாவது ஊட்ட வேண்டும் என்பதுதான் அவர் ஆசை என்று எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது. நேற்று மதியம் பாலைப் பீய்ச்சி, வெந்நீரில் கொதிக்க வைத்த அதே பாலாடையில் ஊற்றி அவரிடம் கொடுத்தேன். மடியில் போட்டுச் சொட்டுச் சொட்டாக ஊட்டினார். நான் ஒன்றரை மணி நேரம் தூங்கினேன்.

செவிலியர் அக்கா, பீய்ச்சிய பாலை எவ்வளவு நேரம் வெளியே வைக்கலாம்? ஓட்டு வீடு, குளிர்பெட்டி இல்லை.

இரவுப்பணிச் செவிலியர்:

மிதமான வெப்பத்தில் நான்கு மணி நேரம் என்பார்கள். அது 25 டிகிரிக்குச் சொன்ன கணக்கு. உங்கள் ஓட்டு வீட்டுக்குப் பொருந்தாது. பீய்ச்சியதும் ஊட்டிவிடச் சொல்லுங்கள். பாலாடையில் மீந்ததை எடுத்து வைக்க வேண்டாம்.